மதிப்புரை எழுதவிடாத காட்சி எது?

கடைசி வரிசை:
‘கம் அண்ட் சீ’ என்ற சோவியத் போர்ப்படத்தின் முடிவைப் பார்த்த கையோடு உங்களில் யாராலாவது எழுத முடிந்ததா? மதிப்புரைக்காகத்தான் உட்கார்ந்தேன், இரண்டு பக்கம் குறிப்பும் எடுத்துவிட்டேன். தண்ணீரில் கிடக்கும் ஹிட்லர் படத்தை, கதையின் நாயகனான சிறுவன் ஃப்ளியோரா சுடுகிறான். சுடச் சுடக் காலம் பின்னோக்கி ஓடுகிறது. ஹிட்லர் இளைஞனாகி, சிறுவனாகி, தாய் மடியில் குழந்தையாகிறான். துப்பாக்கி நின்றுவிடுகிறது. பதின்வயதுப் பையனின் முகத்தில் கிழவனின் சுருக்கங்கள்! அடுத்து, பெலாரசில் 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்ற வரி. குறிப்புகளைக் கிழித்துவிட்டேன். மூன்று வாரமாகிறது, ஒரு வரி எழுதவில்லை. போரை எடுத்தால் இப்படி முகத்தில் அறைந்துதான் எடுக்க வேண்டும்.

நள்ளிரவு வாசகி:
அறைந்தால்தான் உண்மையா? ஏற்கமாட்டேன். ‘சன் ஆஃப் சால்’ பாருங்கள். சால், நாஜி வதைமுகாமில் கட்டாய வேலை வாங்கப்படும் யூதக் கைதி. கேமரா சாலின் முகத்தையும் பிடரியையும் விட்டு அகலாது, பிணங்களெல்லாம் மங்கலாகவே தெரியும். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். நச்சுவாயு அறை மூடப்படுகிறது, உள்ளிருந்து கதவைத் தட்டுகிறார்கள், அலறுகிறார்கள். சால் வெளியே கதவோரம் அசையாமல் நிற்கிறான். மறுநாள் விடியற்காலையில் பால்காரர் கதவைத் தட்டினார். எழுந்து போய்த் திறக்க எனக்குக் கால் வரவில்லை.

பழைய டிக்கெட்:
இரண்டு பேரும் சண்டையை விடுங்கள். ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ கார்ட்டூன்தானே என்று எட்டு வயது மகளோடு பார்த்தேன். போர்க்கால ஜப்பானில், பசியில் சிறுமி செட்சுகோ கோலிகளை மிட்டாய் என்று சப்பும் இடத்தில், “அப்பா, அவளுக்கு யாராவது சோறு கொடுக்கக் கூடாதா?” என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கடைசி வரிசை, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்று வாரம் எழுதாதது நல்லதே. ‘கம் அண்ட் சீ’ திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச், பதின்வயதில் தாமே காட்டுக்குள் போராளிகளோடு இருந்தவர். இயக்குநர் எலெம் கிளிமோவ் 1985இல் வந்த இந்தப் படத்துக்குப் பிறகு வேறு படமே எடுக்கவில்லை. எடுத்தவருக்கே அப்படியென்றால் நமக்கு என்ன அவசரம்? முதலில் பெலாரசின் கத்தின் கிராமத்தைப் பற்றிப் படியுங்கள். 1943 மார்ச் 22 அன்று 149 பேரை, குழந்தைகள் உட்பட, நாஜிப் படையினர் கொன்ற ஊர் அது. பிறகு இன்னொரு முறை பாருங்கள். டப்பிங் வேண்டவே வேண்டாம். ஊர்க்காரர்கள் பேசும் மொழியும் கொளுத்த வந்தவர்கள் பேசும் மொழியும் வேறு வேறாகக் காதில் விழ வேண்டும். இந்த முறை குறிப்பேட்டை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.