ஆத் கேன்-ஐ 'யெஸ்' என்கிறது, பாட் லாகில் 403 வருகிறது: ரோல்பைண்டிங்கில் உதவி தேவை

கேள்வி: வடமேகம்

கன்டெய்னர்களை இயக்கும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் 'டூல்ஸ்' என்ற நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்த ஒரு பகுதி) 'வாட்சர்' என்று ஒரு சின்ன அப்ளிகேஷன் ஓடுகிறது. 'பில்லிங்' நேம்ஸ்பேஸில் இருக்கும் கான்ஃபிக்மேப்களை (அமைப்பு விவரங்கள்) கவனித்துக்கொண்டிருந்து, ஏதாவது மாறினால் அங்கே உள்ள டிப்ளாய்மென்ட்டை (பாட்களை, அதாவது அப்ளிகேஷன் ஓடும் அலகுகளை நிர்வகிப்பது) ரீஸ்டார்ட் செய்வதுதான் அதன் வேலை.

பில்லிங்கில் ஒரு ரோல் (அனுமதிகளின் பட்டியல்) எழுதி, டூல்ஸில் உள்ள வாட்சர் சர்வீஸ் அக்கவுண்டோடு (பாட் தன்னை அடையாளம் காட்டும் கணக்கு) ரோல்பைண்டிங்கில் இணைத்திருக்கிறேன். ரோலில் ஒரே ஒரு ரூல்: ஏபிஐ குரூப் (ரிசோர்ஸ் வகைகளின் தொகுப்பு) காலி மேற்கோள், ரிசோர்ஸ் கான்ஃபிக்மேப்ஸும் டிப்ளாய்மென்ட்ஸும், வெர்ப் (அனுமதிக்கும் செயல்) கெட், லிஸ்ட், வாட்ச், பேட்ச் (patch, ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது). அப்ளை செய்தபோது எந்த எச்சரிக்கையும் இல்லை. அனுமதி உண்டா என்று சொல்லும் 'குப்சிடிஎல் ஆத் கேன்-ஐ லிஸ்ட் கான்ஃபிக்மேப்ஸ்' கட்டளையில், ஆஸ் ஆப்ஷனில் அந்த சர்வீஸ் அக்கவுண்டையே கொடுத்துக் கேட்டால் 'யெஸ்' என்று வருகிறது. ஆனால் பாட் லாகில் விடாமல் 403 ஃபார்பிடன். எங்கே பார்ப்பது?

பதில்: கலங்கரை

லாகில் வரும் அந்த வரியை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். யார் கேட்டார், எந்த வெர்ப், எந்த ரிசோர்ஸ், எந்த ஏபிஐ குரூப், எந்த நேம்ஸ்பேஸ் என்று ஐந்தும் அந்த ஒரே வரியில் இருக்கும். அதைப் பார்க்காமல் ரோல் எழுதிய யாமல் ஃபைலைத் திருத்துவதில் பயனில்லை.

பதில்: சிறுபொறி

இப்போதைக்கு கிளஸ்டர்-அட்மின் (எல்லா அனுமதியும் தரும் ரோல்) கொடுத்துப் பாருங்கள். வேலை செய்தால் ஆர்பிஏசி (ரோல் வழி அனுமதி முறை) பிரச்சினைதான் என்று உறுதியாகிவிடும், அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்.

பதில்: கலங்கரை

தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். உறுதிப்படுத்த எதுவும் இல்லை, 403 என்பதே அனுமதி இல்லை என்ற பதில்தான். பாட் காட்டும் அடையாள டோக்கன் செல்லாததாக இருந்தால் 401 வந்திருக்கும். கிளஸ்டர்-அட்மின் கையில் இருக்கும் ஒரு பாட்டுக்குள் யாராவது நுழைந்துவிட்டால் எல்லா நேம்ஸ்பேஸின் சீக்ரெட்களும் (கடவுச்சொல் போன்ற ரகசியங்கள்) அவர் கையில். ஆர்பிஏசியில் 'இதை மட்டும் மறு' என்று எழுத வழியே கிடையாது, அனுமதிகள் சேர்ந்துகொண்டேதான் போகும். அதனால் சோதனைக்கென்று போட்ட பைண்டிங் ஒன்று மறந்து கிடந்தால், பின்னால் எவ்வளவு கச்சிதமாக ரோல் எழுதினாலும் பலன் இல்லை. அப்படி மறந்துபோன பைண்டிங்களைப் பல கிளஸ்டர்களில் பார்த்திருக்கிறேன்.

வடமேகம்

முழு வரி இதுதான்: 'கான்ஃபிக்மேப்ஸ் இஸ் ஃபார்பிடன்: யூசர் சிஸ்டம்:சர்வீஸ்அக்கவுண்ட்:டூல்ஸ்:மெயின்-வாட்சர் கேனாட் லிஸ்ட் ரிசோர்ஸ் கான்ஃபிக்மேப்ஸ் இன் ஏபிஐ குரூப் "" இன் த நேம்ஸ்பேஸ் பில்லிங்.'

பதில்: கலங்கரை

யூசர் என்று வரும் இடத்தைப் பாருங்கள். கேட்பது 'மெயின்-வாட்சர்'. நீங்கள் அனுமதி கொடுத்திருப்பது 'வாட்சர்'. ஹெல்ம் சார்ட் (குபெர்னெட்டீஸுக்கான நிறுவல் தொகுப்பு) மூலம் நிறுவியிருந்தால், ரிலீஸ் பெயரை, அதாவது நிறுவும்போது கொடுத்த பெயரை, முன்னால் ஒட்டி சர்வீஸ் அக்கவுண்டை சார்ட்டே உருவாக்கியிருக்கும்.

எச்சரிக்கை வராததற்குக் காரணம், பைண்டிங்கில் எழுதும் சர்வீஸ் அக்கவுண்ட் உண்மையில் இருக்கிறதா என்று ஏபிஐ சர்வர் சரிபார்ப்பதில்லை. இல்லாத பெயரையும் வாங்கி வைத்துக்கொள்ளும். கேன்-ஐ கட்டளையும் அப்படித்தான். ஆஸில் நீங்கள் கொடுத்த பெயருக்கு அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்து, உண்டு என்கிறது. பாட் எந்தப் பெயரில் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் பெயரை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல், பாட்டின் ஸ்பெக்கில் சர்வீஸ்அக்கவுண்ட்நேம் என்ற இடத்திலிருந்து எடுங்கள்.

வடமேகம்

ஆமாம், சார்ட் வைத்த பெயர் அதுதான். பைண்டிங்கில் சப்ஜெக்டை (அனுமதி பெறும் கணக்கை) மாற்றியதும் கான்ஃபிக்மேப் பகுதி உடனே ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது ரீஸ்டார்ட் செய்யப் போகும்போது வேறு ஒரு 403: 'கேனாட் கெட் ரிசோர்ஸ் டிப்ளாய்மென்ட்ஸ் இன் ஏபிஐ குரூப் ஆப்ஸ்.' டிப்ளாய்மென்ட்ஸ்தான் ரோலில் இருக்கிறதே?

பதில்: நூற்கண்டு

இதற்கும் விடை அந்த வரியிலேயே இருக்கிறது, 'ஆப்ஸ்' என்ற சொல்லில். காலி மேற்கோள் என்றால் கோர் குரூப். பாட், கான்ஃபிக்மேப், சீக்ரெட், சர்வீஸ் எல்லாம் அதில் வரும். டிப்ளாய்மென்ட், ஸ்டேட்ஃபுல்செட், டீமன்செட் மூன்றும் 'ஆப்ஸ்' குரூப், ஜாப் என்றால் 'பேட்ச்' (batch; வெர்பில் வரும் patch அல்ல) குரூப். உங்கள் ரூல் சொல்வது 'கோர் குரூப்பில் உள்ள டிப்ளாய்மென்ட்ஸ்'. அப்படி ஒன்று இல்லவே இல்லை, ஆனாலும் எழுத விடும்.

ரூலை இரண்டாகப் பிரியுங்கள். கோர் குரூப்பில் கான்ஃபிக்மேப்ஸுக்கு கெட், லிஸ்ட், வாட்ச் போதும், பேட்ச் வேண்டாம். மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்கும் லைப்ரரிகள் முதலில் லிஸ்ட் எடுத்து அப்புறம் வாட்ச் போடும், அதனால் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஆப்ஸ் குரூப்பில் டிப்ளாய்மென்ட்ஸுக்கு கெட், பேட்ச். ரோல்அவுட் ரீஸ்டார்ட் என்பது பாட் டெம்ப்ளேட்டில் ரீஸ்டார்ட்டட்அட் என்ற அனோட்டேஷனில் நேரத்தை எழுதும் ஒரு பேட்ச்தான். பாட்களை அழிக்கும் அனுமதி உங்கள் அப்ளிகேஷனுக்குத் தேவையே இல்லை.

இன்னும் இறுக்க வேண்டுமானால் அந்த இரண்டாவது ரூலில் ரிசோர்ஸ்நேம்ஸ் சேர்த்து, குறிப்பிட்ட டிப்ளாய்மென்ட்டின் பெயரை மட்டும் எழுதுங்கள். கெட்டுக்கும் பேட்சுக்கும் இது நன்றாக வேலை செய்யும். கிரியேட்டுக்கு இதைப் போட்டுப் பயனில்லை, அனுமதி சோதிக்கும் நேரத்தில் புதிய பொருளின் பெயர் தெரியாது.

வடமேகம்

இரண்டு ரூலாகப் பிரித்ததும் ரீஸ்டார்ட் நடக்கிறது, மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. 'பேரோல்' என்ற இன்னொரு நேம்ஸ்பேஸுக்கும் இதே வேலை தேவைப்படுகிறது. ஒரே கிளஸ்டர்ரோல் (எந்த ஒரு நேம்ஸ்பேஸுக்கும் உள்ளே அடங்காத ரோல்) எழுதி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று பழைய ரோல்பைண்டிங்கில் ரோல்ரெஃபை (எந்த ரோல் என்று சுட்டும் இடத்தை) மாற்றினால் 'கேனாட் சேஞ்ச் ரோல்ரெஃப்' என்று மறுக்கிறது.

பதில்: கலங்கரை

ரோல்ரெஃபை மாற்ற முடியாது, அது வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு. பைண்டிங்கை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். 'குப்சிடிஎல் ஆத் ரீகன்சைல்' கட்டளைக்கு ஃபைலைக் கொடுத்தால் தேவைப்படும் இடத்தில் அதுவே அழித்து உருவாக்கும்.

கிளஸ்டர்ரோல் யோசனை சரி. ஆனால் அதை கிளஸ்டர்ரோல்பைண்டிங்கில் இணைக்காதீர்கள், எல்லா நேம்ஸ்பேஸுக்கும் திறந்துவிடும். பில்லிங்கில் ஒரு ரோல்பைண்டிங், பேரோலில் ஒரு ரோல்பைண்டிங், இரண்டும் அதே கிளஸ்டர்ரோலைச் சுட்டட்டும். அனுமதி அந்தந்த நேம்ஸ்பேஸைத் தாண்டாது. சப்ஜெக்டில் நேம்ஸ்பேஸ் இரண்டிலும் டூல்ஸ்தான், பாட் ஓடுவது அங்கேதானே.

பதில்: நூற்கண்டு

ரிசோர்ஸ்நேம்ஸ் போட்டிருந்தால் ஒரு சிக்கல் வரும். இரண்டு இடத்திலும் டிப்ளாய்மென்ட் பெயர் வேறு என்றால் இரண்டையும் அந்த ஒரே கிளஸ்டர்ரோலில் எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பதில் கான்ஃபிக்மேப் ரூலை மட்டும் கிளஸ்டர்ரோலில் வைத்து, பேட்ச் ரூலை அந்தந்த நேம்ஸ்பேஸில் தனி ரோலாக எழுதுங்கள். ஒரு ஃபைல் கூடும், ஆனால் படிக்கிறவருக்குப் புரியும்.

வடமேகம்

அப்படியே செய்துவிட்டேன். ஒவ்வொரு முறை ரோலை மாற்றும்போதும் பாட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா?

பதில்: கலங்கரை

வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் ஏபிஐ சர்வர் அனுமதியைச் சோதிக்கிறது, மாற்றம் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். சர்வீஸ் அக்கவுண்டையே மாற்றினால்தான் புது பாட் தேவை, ஓடும் பாட்டில் அதை மாற்ற முடியாது. பழைய 'வாட்சர்' பெயரில் எழுதிய பைண்டிங் வேறு எங்காவது இருந்தால் அதை அழித்துவிடுங்கள். நாளைக்கு டூல்ஸில் யாராவது அதே பெயரில் சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கினால் அந்த அனுமதி தானாக அதற்குப் போய்விடும்.