புதுப்பிப்பு: மங்கலான மேடையில் கேம்கார்டர் பதிவு, இரைச்சலும் ஃபோகஸும் (தீர்ந்தது)

பின்வரிசையிலிருந்து ஜூம் செய்து மேடை நடனம் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி இரைச்சல், ஃபோகஸும் நிலைகொள்வதில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது: "ஜூமைக் குறைத்து, கேமராவை முன்னால் கொண்டுபோங்கள்." லென்ஸின் திறப்பு அகலக் கோணத்தில் எஃப்/1.8, முழு ஜூமில் எஃப்/4 (எண் கூடினால் திறப்பு சிறிது). அதாவது ஒளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். குறைந்ததைக் கேமரா கெயினை (ஒளியை வாங்கும் சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றிச் சரிக்கட்டும். புள்ளி வருவது அங்கிருந்துதான். இவ்வளவு சின்ன சென்சாருக்கு வேறு வழியும் இல்லை. முன்வரிசைக்கு மாறியதும் கருந்திரை கருப்பாகவே பதிவாகிறது.

ஃபோகஸை ஆட்டோவில் ஆடுபவர் மீது நிறுத்தி, உடனே மேனுவலுக்கு மாற்றிப் பூட்டினேன். விளக்கு அணைந்து எரிந்தாலும் தடுமாற்றம் இல்லை. 'குறை ஒளி' மோடு மட்டும் உதவவில்லை: வெளிச்சம் கூடியது, ஆனால் ஷட்டர் வேகம் 1/25 நொடிக்கு இறங்கிக் கைவீச்செல்லாம் இழுபட்டது. 1/50 போதும்.

எதிர்பாராத ஒன்று. இடைவிடாமல் பதிவாவது இந்த வகைக் கேமராவின் பெரிய பலம். ஆனால் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த மெமரி கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால் பதிவு துண்டுதுண்டாக விழுகிறது. துண்டுகளைத் தனித்தனியே எடிட்டரில் போட்டால் இணைப்பில் பாட்டு ஒரு கணம் அறுபடுகிறது. கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்து, கேமராவோடு வந்த மென்பொருளில் இறக்கினால் ஒரே கோப்பாகச் சேர்ந்துவிடுகிறது.