பள்ளிப் பயிற்சிக்குப் போகும் சைக்காலஜி மாணவர்கள்: சூப்பர்விஷன் எப்படிச் செய்கிறீர்கள்?

வைகை_தென்கரை:

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜிக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் வேலையும் என் தலையில்தான். நகருக்குள் ஒரு பள்ளி, உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் சில பள்ளிகள்.

போன முதல் நாளே ஹெச்.எம். ஒரு பட்டியலை நீட்டுகிறார். "இந்தப் பசங்களுக்கெல்லாம் ஐ.க்யூ. பார்த்து எழுதிக் குடுங்கம்மா." என் பிள்ளைகளுக்கும் அதில்தான் ஆசை. பினே-காமத், மாலின் போன்ற ஐ.க்யூ. டெஸ்டுகளை வகுப்பில் படித்ததும் டெஸ்ட் பெட்டியைத் திறக்கக் கை பரபரக்கிறது. பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்க ஒரே பையனைக் கவனித்துவிட்டு வா என்றால், "அதுல என்ன மேடம் எழுதறது?" என்கிறார்கள்.

சமீபத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி என் மாணவி ரிப்போர்ட் கொண்டுவந்தாள். அட்டவணை, மதிப்பெண் எல்லாம் சுத்தம். தமிழ் வாசிப்பு மிகவும் பின்தங்கியிருக்கிறது, கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று முடித்திருந்தாள். வீட்டில் யாரிடமாவது பேசினாயா என்றேன். இல்லை. மறுபடி அனுப்பினேன். பையனின் அப்பத்தா ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: அவன் அப்பா அம்மா ஆந்திராவில் முறுக்குப் போடுகிறார்கள், நாலாம் வகுப்பு வரை அவன் அங்கே தெலுங்குப் பள்ளியில்தான் படித்தான். தெலுங்கில் ஏதாவது எழுதச் சொன்னால் கடகடவென்று எழுதுகிறான்!

இதையெல்லாம் கேட்டு, திருத்தி, திரும்ப அனுப்ப நேரம் வேண்டும். வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது கணக்கில் வருகிறது. ஒரு மாணவியோடு உட்கார்ந்து அவள் ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்ப்பது எந்த டைம்டேபிளிலும் வருவதில்லை. உங்கள் துறைகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஹெச்.எம்.களிடம் என்ன சொல்கிறீர்கள்?

சிம்மக்கல்காரன்:

நான் அமெரிக்காவில் பள்ளி உளவியலாளராக இருக்கிறேன். இங்கே என்.ஏ.எஸ்.பி. என்ற பள்ளி உளவியலாளர்களின் தேசிய அமைப்பின் தரவிதிப்படி ஸ்பெஷலிஸ்ட் படிப்பில் (பள்ளி உளவியலாளர் ஆவதற்கான மேற்படிப்பு) 1200 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியிலேயே. பயிற்றுவிக்கும் துறையில் ஆசிரியர் ஒருவருக்கு 12 மாணவர்களுக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. காரணம் நீங்கள் சொன்னதுதான், சூப்பர்விஷனுக்கு ஆள் நேரம் வேண்டும். அதற்காக இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் என்பது பரிந்துரை. பல மாவட்டங்களில் அதன் பக்கத்தில்கூட வர முடிவதில்லை. டெஸ்ட் பெட்டி மோகமும் இங்கே உண்டு.

என் பேராசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் மாதம் டெஸ்ட் கிடையாது. வகுப்பறைக் கவனிப்பு, ஆசிரியரிடம் பேச்சு, பிள்ளையின் பழைய நோட்டு, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை குழுவாக உட்காருவோம், ஒருவர் கேஸைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும். உங்கள் நேரமும் மிச்சம். தெலுங்குப் பள்ளி விஷயம் அந்த மேஜையிலேயே வெளியே வந்திருக்கும்.

மேலூர்_டீச்சர்:

மேடம், ஹெச்.எம். ஏன் ஐ.க்யூ. கேட்கிறார் என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கிடைக்குமா என்பதுதான் அவர் கவலை. உங்கள் மாணவர் ரிப்போர்ட்டை வைத்து அது நடக்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு சேர்ந்தது. 2018-இல் வந்த வழிகாட்டுதல்படி 8 வயதுக்கு மேல்தான் சான்று, 14-லும் 18-லும் திரும்பப் பார்க்க வேண்டும். சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போட ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள உளவியலாளர் வேண்டும். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பிடியுங்கள், சான்றுக்காகப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் முகாம் எப்போது என்று அவருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் நோட்டு மாதிரி, வருகைப் பதிவு, வீட்டு விவரம் எல்லாம் சேர்த்துக் கோப்பாகக் கொடுத்தால் முகாமில் ரொம்ப உதவும்.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள், பிள்ளைகளை அழ வைத்துக் கதை கேட்கிறார்கள், செமஸ்டர் முடிந்ததும் ஆளைக் காணோம். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து "அந்த அக்கா எப்ப டீச்சர் வருவாங்க?" என்று கேட்கிறது. போகும் முன் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அரசரடி:

மேலே யாரும் சொல்லாத ஒன்று. "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவில் பயிற்சி மாணவருக்கு விலக்கு கிடையாது. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் உங்களுக்குப் போன் செய்யட்டும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் நீங்கள் எடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-உம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

வைகை_தென்கரை:

நன்றி. ஒரு மாதம் டெஸ்ட் கிடையாது என்பதை இந்த செமஸ்டரிலேயே வைத்துவிடுகிறேன், முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. மேலூர் டீச்சர், ஒப்படைப்பது யாரிடம்? வகுப்பாசிரியரிடமா, ஹெச்.எம்.மிடமா? கோப்பு பீரோவில் முடங்கிவிடக் கூடாதே.

மேலூர்_டீச்சர்:

வகுப்பாசிரியரிடம். நகல் ஒன்று சிறப்புப் பயிற்றுநரிடம். ஹெச்.எம். அடுத்த ஜூனில் மாறுதலில் போய்விடலாம்.