களையெடுப்பு வேண்டாம், பதவித்தடை போதும்

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு,

வீழ்ந்த கொடுங்கோலாட்சியில் பதவி வகித்தவர்களைப் புதிய ஆட்சி அரச பணியிலிருந்து சட்டப்படி விலக்கி வைக்கும் நடைமுறையை ஆங்கிலத்தில் லஸ்ட்ரேஷன் என்கிறார்கள். அதற்குக் ‘களையெடுப்பு’ என்று சென்னையிலிருந்து ஐயா முன்மொழிந்ததையும், ‘சுத்திகரிப்பு’ என்று மட்டக்களப்பிலிருந்து அக்கா எழுதியதையும் படித்தேன். இரண்டுமே வேண்டாம் என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் நாங்கள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஈராக் பற்றிய கட்டுரையொன்றில், சதாம் ஹுசைனின் ஆளுங்கட்சியைக் குறித்து, “பாத் கட்சியினர் ஆயிரக்கணக்கில் களையெடுக்கப்பட்டனர்” என்றொரு வரி இருந்தது. மெய்ப்புப் பார்த்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் பேனையை அந்த வரியில் வைத்தபடியே நிமிர்ந்து, “எல்லாரையும் சுட்டுப் போட்டாங்களோ?” என்று கேட்டார். அவர் பிழையாக வாசிக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தைக் கடந்து வந்த எவருக்கும் அந்தச் சொல்லின் முதற்பொருள் கொலைதான். தோட்டத்துப் புல்லைப் பிடுங்குவது அதற்குப் பிறகே நினைவுக்கு வரும். ஆனால் சதாம் வீழ்ந்தபின் ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா நியமித்த போல் பிரேமர் 2003 மே 16 அன்று பிறப்பித்த முதலாவது ஆணை பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலைகளில் இருந்தவர்களைப் பதவி நீக்கி, இனி அரச வேலை இல்லை என்று மட்டுமே சொன்னது. அதனால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டாவது ஆணை இராணுவத்தையும் கலைத்தது. சம்பளமும் மதிப்பும் இழந்த அதிகாரிகளில் ஒரு பகுதியினர் பின்னர் கிளர்ச்சிக் குழுக்களோடு சேர்ந்தார்கள் என்பது நாம் அறிந்ததே. வேலையிழப்பைச் சாவு என்று வாசகர் புரிந்துகொண்டால், அந்தக் கிளர்ச்சி எங்கிருந்து புறப்பட்டது என்பதே அவருக்கு விளங்காமற் போய்விடும்.

‘சுத்திகரிப்பு’ என்பதற்கு அக்கா காட்டிய நியாயம் வலுவானது. இலத்தீன் மூலச்சொல், உரோமர் குடிக்கணக்கெடுப்பு முடிந்ததும் நடத்திய தூய்மைச் சடங்கைக் குறித்ததுதான். ஆயினும் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதைப் பேசும்போது ‘இனச்சுத்திகரிப்பு’ என்று எழுதிவரும் நாட்டில் இருந்துகொண்டு, அதே வேரைச் சட்ட நடைமுறையொன்றுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஆட்சி கவிழ்ந்தபின் நடப்பது அதிகாரப் போட்டி. அந்தப் போட்டியில் வெல்பவர் தாம் தூய்மை செய்வதாகவே சொல்லிக்கொள்வார். கலைச்சொல்லிலேயே ‘தூய்மை’யை வைத்துவிட்டால், வழக்கு விசாரிக்கப்படுமுன்னே அவர் பக்கம் தீர்ப்பெழுதியவர்களாகிவிடுவோம்.

லிபியாவைப் பாருங்கள். 2013 மே மாதம் அங்கே நிறைவேறிய சட்டம், 1969 முதல் 2011 வரை கடாபி ஆட்சியில் உயர் பதவி வகித்தவர்களைப் பத்தாண்டுகளுக்கு விலக்கியது. வாக்கெடுப்புக்கு முந்திய நாட்களில் ஆயுதக் குழுக்கள் வெளிவிவகார அமைச்சையும் நீதி அமைச்சையும் சுற்றி வளைத்து நின்றன. அந்தச் சட்டத்தால் பதவி துறந்தவர்களுள் ஒருவர் நாடாளுமன்றத் தலைவரான முஹம்மத் மகரியஃப். அவர் இந்தியாவுக்கான தூதுவராக இருந்து 1980இல் கடாபியை விட்டுப் பிரிந்து, அதன்பின் முப்பதாண்டுகள் நாடு கடந்து நின்று அந்த ஆட்சியை எதிர்த்தவர். ஒரு காலத்தில் தூதுவராக இருந்ததே அவரை விலக்கப் போதுமானதாயிற்று. இதைச் ‘சுத்திகரிப்பு’ என்று மொழிபெயர்த்தால் அந்த மனிதரை அழுக்கு என்று நாமே சொன்னதாகாதா?

ஆகவே ‘பதவித்தடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். என்ன செய்யப்படுகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. ‘ஐந்தாண்டுப் பதவித்தடை’, ‘பதவித்தடைச் சட்டம்’ என்று இழுத்த இழுப்புக்கு வரும். பெயர்களைப் பழைய உளவுத்துறைக் கோப்புகளில் தேடிப் பார்க்கும் முதற்கட்டத்துக்கு ‘பின்னணி ஆய்வு’ இருக்கட்டும். கோப்புத் தேடலும் பதவி விலக்கலும் சேர்ந்திருந்த 1991இன் செக்கோஸ்லோவாக்கியச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

போலந்து இடறும் என்று ஐயா எழுதக்கூடும். அங்கே 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய கம்யூனிச ஆட்சியின் உளவுத்துறைக்கு உதவியதை ஒப்புக்கொண்டவர் பதவியில் தொடரலாம். மறைத்துப் பொய் சொன்னவருக்கே பத்தாண்டுத் தடை. தடை அங்கும் இருக்கிறது, அதற்குரிய காரணந்தான் வேறு. எனவே சொல் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

பொருளைச் சரியாக வரையறுக்காத சொல்லால் இலங்கையில் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1980 ஒக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்கு நீக்கப்பட்டன. 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவர் போட்டியிட முடியாமற் போனது. இன்றும் பலர் அதைக் ‘குடியுரிமைப் பறிப்பு’ என்று எழுதுகிறார்கள். குடியுரிமைப் பறிப்பு என்பது 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் மலையகத் தமிழருக்கு நேர்ந்தது; நாடே இல்லாதவர்களாக இலட்சக்கணக்கானோரை ஆக்கியது. ஓர் அரசியல் தலைவர் தேர்தலில் நிற்க முடியாமற் போனதையும் ஒரு மக்கள் கூட்டம் நாடற்றுப் போனதையும் ஒரே சொல்லால் சுட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ‘இயல்’ என்ற சிறு இடைத்துண்டு விடுபட்டதால் வந்த வினை இது.

மற்றச் சொற்களில் எனக்குத் தகராறில்லை. ‘அதிகார வெற்றிடம்’ நிலைத்துவிட்டது. ஆட்சியோ போரோ முடிந்தபின் பழைய கொடுமைகளுக்கு நீதி தேடுவதைக் குறிக்கும் ‘நிலைமாறுகால நீதி’ 2015இலிருந்து இங்கே பரவலாகிவிட்டதால், 2024 டிசம்பரில் அசாத் வீழ்ந்தபின் சிரியாவில் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டு இடைக்காலத்தையும் ‘நிலைமாறுகாலம்’ என்றே எழுதலாம்.

திருத்திய வரியை அந்தப் பெரியவரிடம் மறுபடி கொடுத்தேன்: “பாத் கட்சியினர் ஆயிரக்கணக்கானோர் பதவித்தடைக்கு உள்ளாயினர்.” வாசித்துவிட்டு, “எத்தினை வருசத்துக்கு?” என்றார். பிரேமரின் ஆணையில் ஆண்டுக்கணக்கு எதுவும் இல்லை. அதையும் ஒரு வரியாகக் கட்டுரையில் சேர்த்திருக்கிறோம். வினைச்சொல் ‘உள்ளாயினர்’ என்றிருப்பதா, ‘விதிக்கப்பட்டது’ என்றிருப்பதா என்பதில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.