தேரிக்குள் (செம்மணல் மேட்டுக் காட்டுக்குள்) வழி தப்பிய அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கிறது?

பாளையங்கோட்டைக்காரன்:

போன ஆனி மாதம் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரிக்குள் நான், அண்ணன், மைனி (அண்ணி), சித்தப்பா என நாங்கள் நாலு பேர் ரெண்டு ரெண்டாகப் பிரிந்துபோய், ஒன்றரை மணி நேரம் ஒருவரை ஒருவர் தேடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க மைனி கையில் அரை பாட்டில் தண்ணீர்தான் இருந்தது என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கற்குவேல் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து தெற்கே நடந்து உடன்குடிப் பக்கம் வெளியே வருவதாகத் திட்டம். வனத்துறைக் காடு என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். ஆசை சித்தப்பாவுடையது. அவருக்கு 62 வயது. சின்னப் பிள்ளையில் ஆச்சி வீட்டுக்கு அந்த வழியாகத்தான் கூட்டிப் போவார்களாம். (1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. சித்தப்பாவுக்கு இன்னும் எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான்.) அண்ணன் போனில் அளந்து, நேர்கோட்டில் 9 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம் என்றான். "ரோட்டுல போனா ரெண்டரை. மணல்ல அஞ்சுன்னு வையி" என்றார் சித்தப்பா.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. இடது பக்கம் வெயில், வலது கன்னத்தில் கச்சான் என்கிற மேல்காற்று, காலுக்குக் கீழே இரத்தச் சிவப்பில் மணல். அண்ணனும் நானும் நடக்க நடக்க முன்னால் போய்விடுவோம். நின்று திரும்பிப் பார்ப்போம். அவர்கள் வந்து சேர்ந்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம். இதில் ஒரு அநியாயம் இருப்பது அன்றைக்கு எனக்குப் படவே இல்லை. நாங்கள் ஓய்வெடுத்து முடித்திருப்போம், அவர்களுக்கு மூச்சு வாங்கக்கூட நேரம் இருக்காது. மூன்றாவது தடவை மைனி, "நீங்க போங்க தம்பி, நாங்க மெதுவா வாறோம்" என்றார். அந்த வார்த்தையை அனுமதியாக எடுத்துக்கொண்டோம். தண்ணீர்ப் பை அண்ணன் முதுகில் இருந்தது. அதை இறக்கி ரெண்டாகப் பிரிக்கத் தோன்றவில்லை.

கொல்லாமர (முந்திரி) தோப்பு ஒன்று வந்தது. வரிசை வரிசையாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அதற்குள்ளே வண்டித்தடம் ரெண்டாகப் பிரிந்தது. போனில் தடமே ஒன்றுதான் காட்டியது, அதுவும் பழைய படம். மணல் இடம் மாறுகிற ஊரில் பழைய படத்தை நம்பி என்ன செய்ய? தெளிவாகத் தெரிந்த இடதுபக்கத் தடத்தை அண்ணன் எடுத்தான். கொஞ்ச தூரத்தில் அது மழைத் தண்ணீர் அரித்த செம்மண் ஓடைக்குள் இறங்கியது. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். தரை கெட்டி. கால் புதையாமல் நடந்ததில் அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தப்பு முற்றியது அங்கேதான். ஓடைக்குள் காற்று இல்லை. வலது கன்னம் சும்மா இருந்தது, அதை நாங்கள் கவனிக்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுகிற காலம். தேரிக்கு மழை வராவிட்டாலும் மேகம் வரும். சூரியன் மறைந்துவிட்டது. ஓடை எத்தனை தடவை வளைந்தது என்று ரெண்டு பேரும் எண்ணவில்லை. நடுவில் நான் வேறு குனிந்து நின்றுவிட்டேன். தரையில் நகம் அளவுக்குக் கூர்மையான கல்துண்டு ஒன்று கிடந்தது. இந்தத் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் (ஆதி மனிதர் செய்த சின்னக் கல் கருவிகளைப்) பற்றி தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னர், ஆல்சின் இருவரும் 1956-ல் எழுதியிருக்கிறார்கள். அதுவும் அப்படி ஒன்றாக இருக்குமோ என்று பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்து நிமிர்ந்தால் அண்ணனைக் காணோம். ஓடினேன். நல்லவேளை, அடுத்த வளைவில் நின்றான். கூட வந்த ஆள் கண்ணில் இருந்து மறைய ரெண்டு நிமிஷம் போதும் என்று அப்போதுதான் பயம் வந்தது.

மேலே ஏறி மேட்டில் நின்று அவர்களுக்காகக் காத்திருந்தோம். இருபது நிமிஷம், அரை மணி நேரம். ஆள் வரவில்லை. திரும்பிப் போய்க் கூட்டி வரலாம் என்றால், மேட்டில் நாங்கள் வைத்த காலடியே இல்லை. காற்று துடைத்துவிட்டது. ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். போனில் சிக்னல் இல்லை. அண்ணன் முகம் வெளுத்துப்போய், "தண்ணி நம்மகிட்டலா இருக்கு" என்றான்.

ரொம்ப நேரம் கழித்து மேற்கேயிருந்து "ஏ...ய்" என்று ஒரு சத்தம். மெலிசாக, ஆனால் தெளிவாக. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தோம். ஒரு மேட்டு உச்சியில் சித்தப்பா துண்டை வீசிக்கொண்டு நின்றார். உடைமர நிழலில் மைனி.

அண்ணன் அழுதுவிட்டான். சித்தப்பா திட்டவில்லை. "காத்துக்கு எதுத்தாப்புல நீங்க கத்துனா எனக்கு எப்படில கேக்கும்? நான் கத்துனா உங்களுக்குக் கேக்கும். அதான் மேக்க வந்து நின்னேன்" என்றார். நாங்கள் கிழக்கேதான் போயிருப்போம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மூஞ்சில மணல் அடிச்சா எவனும் மூஞ்சியத் திருப்புவான். திருப்புன பக்கமே காலும் போவும். வேகமாப் போறவன் இன்னும் சீக்கிரமாப் போவான்."

வெளியே வரும்போது மணி பன்னிரண்டு.

உடன்குடி:

அண்ணாச்சி, படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. எங்க அப்பா பனையேறி. விடிலிக்கு (பதநீர் காய்ச்சும் குடிசைக்கு) சோறு கொண்டுபோய் நான் தேரியில் நடந்து பழகியவன். மேட்டுக்கு மேற்குச் சரிவில் காற்று மணலை அடித்து இறுக்கி வைத்திருக்கும், அதில் ஏறினால் கால் நிற்கும். கிழக்குச் சரிவு பொதபொதவென்று முழங்கால் வரைக்கும் வாங்கும். சடவு (அலுப்பு) வருவது தூரத்தால் இல்லை, சரிவு மாற்றி ஏறுவதால்தான். காற்று நின்றுபோனாலும் திசை பார்க்கலாம். தரையோடு இருக்கிற புதரைப் பாருங்கள், ஆனி ஆடியில் அதற்குக் கிழக்கே வால் மாதிரி மணல் நீண்டு கிடக்கும். பனையை மட்டும் அடையாளம் வைக்காதீர்கள். எல்லாப் பனையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரெண்டு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு மேட்டையும் சேர்த்துப் பார்த்து வைக்க வேண்டும் என்பார் அப்பா.

திசையன்விளை:

என்னுடையது தேரியில் நடந்ததுதான், ஆனால் கார்த்திகைக் கடைசியில். கற்குவேல் அய்யனார் கோவில் திருவிழாவான கள்ளர்வெட்டு பார்க்க அத்தையைக் கூட்டிப் போயிருந்தேன். மழை பெய்து மணல் இறுகியிருந்தது, நடப்பதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. இளநீர் வெட்டியதும் அந்த மண்ணை அள்ள சனம் ஓடியது. நானும் ஓடினேன். கைநிறைய மண்ணோடு திரும்பினால் அத்தை இல்லை. முக்கால் மணி நேரம் தேடினேன். அவர்கள் நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் வேறு இடத்தை அந்த இடம் என்று நினைத்துச் சுற்றியிருக்கிறேன். "நானும் தேடி அலைஞ்சா ரெண்டு பேரும்லா காணாமப் போவோம்" என்றார்கள். உங்கள் மைனி மரத்தடியில் அசையாமல் இருந்ததைப் படித்ததும் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

தூத்துக்குடி:

மேகம் மூடியதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் டூபிங்கன் ஆய்வாளர்கள் ஆட்களைக் காட்டுக்குள்ளும் சகாரா மணலிலும் நடக்கவிட்டு 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் தங்களுக்குத் தெரியாமலே வளைந்து போயிருக்கிறார்கள். நேராகப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும் மாறவில்லையாம். போனில் ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை. கிளம்பும் முன்பே வரைபடத்தை இறக்கி, கோவில் இருக்கும் புள்ளியைக் குறித்து வையுங்கள். தடத்தை நம்பாமல் அந்தப் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும், துணியில் சுற்றிப் பைக்குள் வைப்பது நல்லது.

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. உடன்குடித் தம்பி சொன்ன மணல்வாலை இந்தத் தை மாதம் தேடினேன். அப்போது காற்று வாடைப் பக்கம் மாறிவிட்டது, வாலும் மாறிக் கிடந்தது.

ஆமாம், மறுபடியும் போனோம். அண்ணன்தான் கூப்பிட்டான். இந்தத் தடவை சித்தப்பா முன்னால், அவருக்குப் பின்னால் மைனி, அப்புறம் நான், கடைசியில் அண்ணன். ஆளுக்கு ரெண்டு பாட்டில், அவரவர் தோளில். சித்தப்பா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று, திரும்பி நின்று வந்த வழியைப் பார்க்கச் சொல்வார். திரும்பிப் பார்த்தால் அதே இடம் வேறு ஊர் மாதிரி இருக்கிறது. அந்தக் கொல்லாமரத் தோப்பில் தடம் பிரிகிற இடம் வந்ததும் அவரே நின்று, "எந்தப் பக்கம் போவணும், சொல்லு" என்று அண்ணனைக் கேட்டார். அவன் கன்னத்தைக் காற்றுக்குக் காட்டி, ரொம்ப நேரம் யோசித்து, வலது பக்கம் கை காட்டினான்.

நாலே முக்கால் மணி நேரத்தில் உடன்குடி ரோட்டுக்கு வந்தோம்.