க்ளவுஸ் ட்ரையல்ல எல்லாரும் "நல்லா இருக்கு"ன்றாங்க, ஆனா லைன்ல யாரும் போடறதில்ல. உண்மையான ஃபீட்பேக் எப்படி வாங்கறது?

ஓசூர்_சேஃப்டி:

வணக்கம் எல்லாருக்கும். ஓசூர் பக்கம் ஒரு ஷீட் மெட்டல் யூனிட்ல சேஃப்டி பாக்கறேன். பிரஸ் ஷாப்ல ஷீட் தூக்கறப்ப, பர் (வெட்டின விளிம்புல நிக்கற கூர் பிசிறு) எடுக்கறப்ப கை கிழிச்சுக்கறது நிக்கவே மாட்டேங்குது. பழைய காட்டன் க்ளவுஸ மாத்தணும்னு மூணு வெண்டர் கிட்ட கட் ரெசிஸ்டன்ட் சாம்பிள் வாங்கி லைன்ல ட்ரையல் விட்டோம். வாரக் கடைசில ஒரு ஃபார்ம் குடுத்தோம், பிடிப்பு எப்படி, வியர்வை எப்படி, சைஸ் எப்படின்னு ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொல்லி. எல்லாமே நாலு, அஞ்சுன்னு வந்திருக்கு. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு லைன்ல போய் நின்னா பாதிப் பேர் க்ளவுஸ் பாக்கெட்ல இருக்கு, சில பேர் ஆள்காட்டி விரல் நுனிய வெட்டி விட்டுட்டுப் போட்டிருக்காங்க. இந்த ஃபார்ம வச்சு நான் வெண்டர் கிட்ட என்னத்த சொல்றது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

கோவை_ஃபெட்லிங்:

தம்பி, அந்த வெட்டின விரல் நுனிய ஏன் ஃபீட்பேக்னு எடுத்துக்க மாட்டேங்கறீங்க, அதவிடத் தெளிவா எவன் எழுதித் தருவான்? அவன் சின்ன நட்டையோ கிளிப்பையோ எடுக்கணும், க்ளவுஸ் தடியா இருந்தா விரலுக்குத் தெரியாது, அதான் வெட்டறான். திட்டாதீங்க, அந்த ஜோடிய வாங்கி வச்சுக்கிட்டு புதுசு குடுங்க.

நாங்க ஃபவுண்ட்ரில ஃபெட்லிங் செக்‌ஷன்ல (வார்ப்புல ஒட்டியிருக்கற பிசிற வெட்டித் தேய்க்கற இடம்) பண்ணினது இதுதான். ட்ரையல் க்ளவுஸ் ஒவ்வொண்ணுலயும் மணிக்கட்டுப் பட்டைல மார்க்கர்ல குடுத்த தேதியும் எந்த மெஷின்னும் எழுதிருவோம், பேர் எழுத மாட்டோம். கிழிஞ்சாலோ வேணாம்னாலோ ஒரு பெட்டில போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாம், கேள்வி கிடையாது. வாரக் கடைசில பெட்டியக் கொட்டி மேஜைல வரிசையா வச்சா எங்க தேஞ்சிருக்குன்னு கண்ணுக்கு முன்னாடி வந்துரும். எங்க ஆளுங்களுக்கு உள்ளங்கை நடுவுல ஒண்ணுமே ஆகல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற அந்தச் சந்துலதான் முதல்ல பிஞ்சுது. அதக் காமிச்சதும் வெண்டரே அந்த இடத்துல இன்னொரு லேயர் வச்ச மாடல் இருக்குன்னு கொண்டாந்தாரு.

அப்பறம் "நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, நம்ம ஊர்ல அதுக்கு ஒரே பதில்தான். "இன்னிக்கு எந்த வேலைக்கு இதக் கழட்டின?"ன்னு கேளுங்க. டேப் அளக்கவா, போன் எடுக்கவா, ரிப்போர்ட் எழுதவான்னு அவங்களே கொட்டுவாங்க.

பிரஸ்ஷாப்_ஆபரேட்டர்:

நான் லைன்ல நிக்கற ஆளு சார், கான்ட்ராக்ட்ல. எங்க பக்கத்துலேந்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபார்ம்ல பேர் எழுதச் சொல்றீங்க, சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கறாரு, நான் ஒண்ணு ரெண்டுன்னு மார்க் போட்டா இவனுக்கு வேலை செய்யவே பிடிக்கலன்னு பேசிருவாங்களோன்னு பயம். அதுல நாலு போட்டுட்டுப் போறதுதான் சுலபம். இன்னொண்ணு, போன தடவை வேற கம்பெனில இருந்தப்பவும் இதே மாதிரி சாம்பிள் குடுத்தாங்க, நாங்க ஒண்ணு சொன்னோம், கடைசில வந்தது அந்த மூணுலயும் இல்லாத ஒரு மட்டமான சரக்கு. அதுக்கப்பறம் யாருக்கு சார் வாயத் திறக்க மனசு வரும்?

எங்களுக்கு முக்கியமான கஷ்டம் ஆயில். ஷீட்ல ஆயில் இருக்கும், க்ளவுஸ் நனைஞ்சதும் வழுக்கும், வழுக்குதேன்னு இன்னும் இறுக்கிப் பிடிப்போம், அப்பதான் விளிம்பு கைல ஏறுது. வெறுங்கைலயே தூக்கலாம்னு தோணிரும். காலைல பத்து மணிக்குக் கேட்டா இது தெரியாது சார், ஷிஃப்ட் முடியற நேரத்துல வந்து கேளுங்க. ஒடிசா, பீகார் பசங்களுக்குத் தமிழ் ஃபார்ம் குடுத்தா அவங்க பக்கத்துல இருக்கறவன் போட்ட மார்க்கையே போடுவாங்க, அதையும் பாத்துக்கங்க.

டிப்பிங்_லைன்:

க்ளவுஸ் தயாரிக்கற பக்கம் இருக்கேன். பிரஸ்ஷாப் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு வரி எங்களுக்கு வந்தாலே போதும், "ஆயில்ல நனைஞ்சப்பறம் வழுக்குது"ன்னா கோட்டிங்ல கை வைக்கணும்னு உடனே புரியும். வழுவழு நைட்ரைலுக்குப் (செயற்கை ரப்பர் கோட்டிங்) பதிலா சொரசொரப்பா வர்ற சாண்டி நைட்ரைல் போடலாம். லேடெக்ஸ் கோட்டிங்க்னா ஆயில் பட்டு உப்பிப் போயிரும், அத இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீங்க. வியர்வைன்னா புறங்கைல கோட்டிங் இல்லாம உள்ளங்கை மட்டும் முக்கினது பாருங்க. "கம்ஃபர்ட் 3.8"னு எழுதி அனுப்பினா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

இஎன் 388, அதாவது க்ளவுஸுக்கான ஐரோப்பியத் தர மார்க்கிங்கப் பத்தியும் சொல்லிடறேன். கேடயத்துக்குள்ள சுத்தியல் படம் போட்டு கீழ 4எக்ஸ்43டி மாதிரி இருக்கும்ல, அந்தக் கடைசி எழுத்துதான் டிடிஎம் கட் லெவல், அதாவது டெஸ்ட் மெஷின்ல பிளேடோட எவ்வளவு விசை வரைக்கும் வெட்டுப்படாமத் தாங்குதுன்னு, ஏ 2 நியூட்டன், டி 15 நியூட்டன், எஃப் 30 நியூட்டன். அந்த டெஸ்ட் புது க்ளவுஸோட உள்ளங்கைலேந்து வெட்டின துண்டுல பண்றது. ஆயில் ஊறி, நாலு தடவை துவைச்ச க்ளவுஸ் எப்படி இருக்கும்னு அந்த எழுத்து சொல்லாது, உங்க லைன்தான் சொல்லணும். அதனால தேஞ்ச ஜோடிகளக் கட்டாயம் அனுப்புங்க, சாம்பிள் பாக்கற எங்களுக்கு அது பெரிய விஷயம். வெல்டிங் ஆன சூட்டுப் பீஸ் தூக்கறாங்களான்னும் கேட்டு எழுதுங்க, ஏன்னா கட் ரெசிஸ்டன்ட் க்ளவுஸ்ல வர்ற எச்பிபிஇ நூல் (ஒரு வகை பிளாஸ்டிக் இழை) சுமார் 150 டிகிரிலயே உருகிரும்.

சைஸ் நம்பர் கிட்டத்தட்ட உள்ளங்கை சுத்தளவு இன்ச்ல. 8னா 203 மில்லிமீட்டர். டேப் வச்சு அளந்துட்டு ட்ரையல் குடுங்க, எல்லாருக்கும் 9 குடுத்துட்டு விரல் நுனி தொங்குதுன்னு சொன்னா அது க்ளவுஸோட குறை இல்ல. பெண்கள் இருந்தா 6, 7 தனியாக் கேட்டு வாங்குங்க, வெண்டர் தானாக் கொண்டு வர மாட்டாரு.

கோவை_ஃபெட்லிங்:

ஒரு விஷயம் விட்டுட்டேன். டிரில்லிங் மெஷின், லேத் மாதிரி சுத்தற மெஷின்ல நிக்கறவங்களுக்கு இந்த ட்ரையல் க்ளவுஸ் போகக் கூடாது. டிரில் நூலப் பிடிச்சு இழுத்தா கையையே கொண்டு போயிரும். அந்தாளு "எனக்குக் க்ளவுஸ் வேணாம்"னா அவன் சொல்றதுதான் சரி.

அப்பறம் கழட்டி வைக்கற நேரத்த லேசா எடுத்துக்காதீங்க. காதுக்குப் போடறதுல கணக்கே இருக்கு, 30 டெசிபல் குறைக்கற இயர்மஃப ஷிஃப்ட்ல பாதி நேரம் கழட்டி வச்சா மொத்தத்துல கெடைக்கறது வெறும் 3 டெசிபல் பாதுகாப்புதான். க்ளவுஸுக்கு அந்த மாதிரி கணக்கு கெடையாது, ஆனா பாக்கெட்ல இருக்கற எஃப் லெவலவிடக் கைல இருக்கற சி லெவல் மேல்.

ஓசூர்_சேஃப்டி:

ரொம்ப நன்றி, குறிப்பா பிரஸ்ஷாப் அண்ணனுக்கு. ஃபார்ம எடுத்துட்டு பெட்டி, மார்க்கர் வச்சிரலாம்னு இருக்கேன், ஷிஃப்ட் முடியறப்ப நானே போய் நின்னு பேசறேன், ஹிந்தி பேசற ஒரு சீனியர் ஆபரேட்டரக் கூட்டிக்கறேன். ஒரே சிக்கல், பர்சேஸ்ல ஜோடி விலைய மட்டும்தான் பாக்கறாங்க.

கோவை_ஃபெட்லிங்:

ஜோடி விலைய விடுங்க, ஒரு ஜோடி எத்தன ஷிஃப்ட் தாங்குதுன்னு பெட்டில இருக்கற தேதிய வச்சே எடுத்துரலாம், விலைய அதால வகுத்துக் காமிங்க. அதையும் சேஃப்டி கமிட்டில வைங்க. ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 1987 திருத்தத்துல வந்த 41ஜி பிரிவே கமிட்டில வொர்க்கர் பக்கமும் மேனேஜ்மென்ட் பக்கமும் சமமா ஆள் இருக்கணும்னுச்சு, 2020ல வந்த தொழிலிடப் பாதுகாப்புக் கோடும் (சட்டத் தொகுப்பு) வொர்க்கர் தரப்பு குறையக் கூடாதுங்குது. தேஞ்ச க்ளவுஸ அந்த மேஜைல பரப்பி, போட்டுப் பாத்த ஆபரேட்டரையே பேச விடுங்க, பர்சேஸ் ஆளும் அங்க இருக்கட்டும், முடிவு மினிட்ஸ்ல ஏறட்டும். எது வாங்கறோம், எது வாங்கல, ஏன்னு ஒரு தாள்ல எழுதி தமிழ், ஹிந்தி, ஒடியான்னு மூணு மொழியிலயும் லைன் போர்டுல ஒட்டுங்க. மாத்தின சாம்பிள் வந்ததும் முதல்ல குறை சொன்ன அதே ஆளுங்க கைல குடுங்க, ஏப்ரல் மே வெயில்ல ஒரு ரவுண்டு ஓடினப்பறம் மொத்தமா ஆர்டர் போடுங்க.