12 வோல்ட் பெரிய டிஸ்பிளே: அணைய வேண்டிய டிஜிட்டும் எரிகிறது

கேள்வி:
2.3 அங்குல காமன் ஆனோடு (ஒரு டிஜிட்டின் எல்லா எல்இடிக்கும் பொதுவான பிளஸ் முனை) செவன் செக்மெண்ட், நான்கு டிஜிட், மல்டிபிளெக்ஸ் முறை (டிஜிட்டுகள் ஒவ்வொன்றாக வேகமாக மாறி மாறி எரியும்). ஒரு செக்மெண்டில் நான்கு எல்இடி தொடராக இருப்பதால் சுமார் 7.6 வோல்ட் தேவை. அதனால் சப்ளை 12 வோல்ட். டிஜிட் பக்கம் பிசி557 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டர், எமிட்டர் 12 வோல்ட்டில். பேஸ் 1 கிலோ ஓம் வழியாக நேராக அர்டுயினோ யூனோ (மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) பின்னுக்குப் போகிறது. செக்மெண்ட் பக்கம், லைனை கிரவுண்டுக்கு இழுக்கும் டிரைவர் சிப் யூஎல்என்2803. பின்னை ஹை ஆக்கினாலும் டிஜிட் அணைவதே இல்லை. டிரான்சிஸ்டர் போய்விட்டதா?

பதில் 1:
டிரான்சிஸ்டர் மேல் பழி இல்லை. பின் ஹை என்றால் 5 வோல்ட்தான். எமிட்டரோ 12-ல் இருக்கிறது. (12 − 0.7 − 5) ÷ 1 கிலோ ஓம், அதாவது சுமார் 6 மில்லிஆம்பியர் பேஸ் கரண்ட் எப்போதும் ஓடும். அது பின் வழியாக 5 வோல்ட் லைனுக்குள் நுழைவதால் கன்ட்ரோலருக்கும் ஆபத்து. முதலில் அந்த இணைப்பைக் கழற்றுங்கள்.

நடுவில் ஒரு பிசி547 (என்பிஎன் டிரான்சிஸ்டர்) வையுங்கள். பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம் அதன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் 680 ஓம் வழியாக பிஎன்பி பேஸுக்கு. பிஎன்பியின் பேஸ், எமிட்டர் இடையே 1 கிலோ ஓம். ரீசெட் நேரத்தில் பின்கள் மிதக்கும் என்பதால் பிசி547 பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம்.

பிசி557-ஐயும் மாற்றியாக வேண்டும். செக்மெண்டுக்குச் சராசரி 10 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால், நான்கில் ஒரு பங்கு நேரமே எரிவதால் உச்சம் 40. ஏழு செக்மெண்டும் புள்ளியும், எட்டும் சேர்ந்து 320. பிசி557-இன் எல்லை 100. பிடி140 போடுங்கள். கெயின் (பேஸ் கரண்டைப் போல கலெக்டர் கரண்ட் எத்தனை மடங்கு என்பது) 100 என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முழு சாச்சுரேஷனுக்கு (டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்த நிலை) 20 என்று வைத்தால் பேஸுக்கு 16 மில்லிஆம்பியர். 680 ஓம் அதற்குத்தான்.

பதில் 2:
பி-சேனல் மாஸ்ஃபெட்டும் நன்றாக வேலை செய்யும், பேஸ் கரண்ட் மிச்சம். ஆனால் ஏஓ3401 என்ற மாஸ்ஃபெட்டுக்கு கேட், சோர்ஸ் இடையே எல்லையே 12 வோல்ட். கேட்டை நேராக கிரவுண்டுக்கு இழுக்காமல் இரண்டு ரெசிஸ்டரால் பிரித்து 6, 7 வோல்ட் மட்டும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பிசி547, பிடி140 போட்டதும் டிஜிட் அணைகிறது, நன்றி. ஆனால் முந்தைய டிஜிட்டின் எண் அடுத்ததில் மங்கலாகத் தெரிகிறது. புள்ளி மட்டும் அதிக வெளிச்சம்.

பதில் 1:
சாச்சுரேஷனில் இருக்கும் டிரான்சிஸ்டர் உடனே அணையாது, சில மைக்ரோசெகண்ட் இழுக்கும். அதற்குள் புதிய டிஜிட்டை ஏற்றினால் நிழல் விழும். வரிசை இதுதான்: எல்லா செக்மெண்டையும் அணை, டிஜிட்டை அணை, 50 மைக்ரோசெகண்ட் பொறு, புதிய செக்மெண்ட் தரவை வை, அடுத்த டிஜிட்டை ஏற்று. அப்படியும் மிச்சம் இருந்தால் ஒவ்வொரு ஆனோடிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம்; லைனில் தங்கும் சார்ஜ் அதில் வடிந்துவிடும். டிஜிட்டுக்கு 2 மில்லிசெகண்ட் கொடுத்தால் 125 ஹெர்ட்ஸ், மினுக்கல் தெரியாது.

புள்ளியில் பெரும்பாலும் இரண்டு எல்இடிதான். பிடி140-இல் 0.3, யூஎல்என்2803-இல் 0.9 வோல்ட் இழப்பு என்று வைத்தால், செக்மெண்டுக்கு 12 − 0.3 − 7.6 − 0.9 = 3.2 வோல்ட், 40 மில்லிஆம்பியருக்கு 82 ஓம். புள்ளிக்கு 7 வோல்ட் மிஞ்சும், 180 ஓம்.

பதில் 2:
வாட்ச்டாக் டைமரை (புரோகிராம் நின்றுபோனால் கன்ட்ரோலரை ரீசெட் செய்வது) கட்டாயம் ஓட விடுங்கள். புரோகிராம் நடுவில் நின்றால் ஒரே டிஜிட்டின் எரியும் செக்மெண்ட் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிஆம்பியர் விடாமல் போகும், எல்இடி கருகும். டிஸ்பிளே பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றும் வையுங்கள்.